அமராவதியின் கணக்கு



போன இதழில் வடகம் பிழிவதைப் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அதில் பாதிப் பேர், "சமையல் குறிப்புதான் எல்லோரும் எழுதுகிறார்களே, நீங்கள் வேறு ஏதாவது எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார்கள். சரி, இந்தத் தடவை அடுப்பை அணைத்துவிட்டு ஒரு ராஜா வீட்டுக்குப் போய் வருவோம். அம்பிகாபதி - அமராவதி கதையைத்தான் சொல்கிறேன். தெரிந்த கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இப்போது இதை எடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதை இது. கம்பர் பிறந்த தேரழுந்தூர், குத்தாலம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே கம்பர் மேடு என்று இன்றைக்கும் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். அந்தக் கம்பருடைய பிள்ளை அம்பிகாபதி. கட்டுத்தறியே கவி பாடும் வீட்டில் பிறந்த பிள்ளை, கவி பாடாமல் இருப்பானா? பாடினான். அதோடு நிற்காமல் சோழ ராஜாவின் பெண் அமராவதி மேல் ஆசையும் வைத்தான். ராஜா பெயர் குலோத்துங்கன் என்பார்கள். அந்தப் பெயரில் மூன்று பேர் ஆண்டிருக்கிறார்கள். எந்தக் குலோத்துங்கன் என்று கேட்டுச் சண்டை போட வேண்டாம். செவிவழியாக வந்த கதை, நாடக மேடையில் வளர்ந்த கதை, அவ்வளவுதான்.

அரண்மனையில் ஒரு விருந்து. அமராவதி பரிமாற வருகிறாள். அவள் நடந்து வந்ததைப் பார்த்ததும் அம்பிகாபதி தன்னை மறந்து, அடி எடுத்து வைக்கவே நோகும் என்கிற மாதிரி ஒரு பாட்டு ஆரம்பித்து விட்டான். சபையில் எல்லோருக்கும் சுருக்கென்றது. ராஜா முகம் மாறிவிட்டது. கம்பர் பார்த்தார். பையன் பாதியில் விட்ட பாட்டைத் தானே எடுத்து முடித்தார். எப்படி? தெருவில் வெயிலில் நடந்து நடந்து கொட்டிக்கிழங்கு விற்கிற ஒரு கிழவியின் கால் நோவைப் பற்றித்தான் என் மகன் பாடினான் என்று திருப்பிவிட்டார். கொட்டிக்கிழங்கு இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெரியாது. குளத்திலும் வயல் பள்ளத்திலும் தண்ணீருக்கு அடியில் விளையும் சின்னக் கிழங்கு. வேக வைத்துத் தின்பார்கள். ராஜா நம்பவில்லை. வாசலில் போய்ப் பார் என்று ஆளை அனுப்பினார். பார்த்தால், நிஜமாகவே ஒரு கிழவி கிழங்கு கூவிக்கொண்டு போகிறாள்! கம்பருக்காக சரஸ்வதியே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள் என்பது கதை.

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அரண்மனைப் பெண்ணைப் பற்றிப் பாடினால் தலை போகும். கிழங்குக்காரியைப் பற்றி அதே வார்த்தையில் பாடினால் ஒன்றும் இல்லை. காதல் குற்றமா, யார் மேல் காதல் என்பது குற்றமா என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது பாருங்கள்.

அந்தத் தடவை தப்பியாகிவிட்டது. ஆனால் சந்தேகம் போகவில்லை. ஒட்டக்கூத்தர் தூபம் போட்டார் என்றும் கதையில் சொல்வார்கள். கடைசியில் ராஜா ஒரு பரீட்சை வைத்தார். சபையில் உட்கார்ந்து தெய்வத்தின் பேரில் நூறு பாட்டுப் பாட வேண்டும். ஒன்றில்கூட சிற்றின்ப வாடை வரக்கூடாது. பாடி முடித்தால் பெண் உனக்கு. தவறினால் தலை இருக்காது.

அம்பிகாபதி பாடினான். அமராவதி திரை மறைவில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பூவாக எடுத்து வைத்து எண்ணினாள் என்று நாடகத்தில் காட்டுவார்கள். நூறு பூவும் ஆயிற்று. சந்தோஷம் தாங்காமல் வெளியே எட்டிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். நூறு முடிந்துவிட்டது என்று நினைத்து அவளைப் பற்றியே பாடிவிட்டான். ஆனால் முடிந்தது தொண்ணூற்றொன்பதுதான். முதலில் பாடிய காப்புச் செய்யுள் கணக்கில் சேராதாம். அவளோ அதையும் சேர்த்து எண்ணிவிட்டாள். அவனைக் கொலைக்களத்துக்கு அனுப்பினார்கள். அவளும் உயிரை விட்டாள்.

சிவாஜியும் பானுமதியும் நடித்த 1957-ஆம் வருஷத்துப் படத்தை நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் பார்த்தேன். எங்கள் தெருவுக்கு ஒரே டி.வி. பெட்டி. கூடத்தில் இடமில்லாமல் திண்ணை வரைக்கும் ஜனம். அந்தக் காட்சி வந்ததும் பெண்கள் எல்லோரும் "ஐயோ, இன்னும் ஒண்ணு இருக்கேடி!" என்று கத்தினார்கள். படம் முடிந்து வெளியே வரும்போது ஆண்கள் பக்கத்தில் ஒரு பெரியவர், "ஒரு பொம்பளைக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியலை, ஒரு உசிரு போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்தக் கதையை யார் சொன்னாலும் கடைசியில் பழி அவள் தலையில்தான் வந்து விழுகிறது. கல்யாணமாகி இங்கே வந்தபிறகு என் மாமியாரும் அதையேதான் சொன்னார்.

எனக்கு அப்போதிருந்தே இதில் ஒரு ஆட்சேபம் உண்டு.

களத்தில் நெல் அளப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இப்போது எல்லாம் மூட்டை, தராசு, கொள்முதல் நிலையம் என்று ஆகிவிட்டது. என் மாமனார் காலத்தில் மரக்கால்தான். முதல் மரக்காலைப் போடும்போது "ஒன்று" என்று சொல்லமாட்டார்கள். "லாபம்" என்பார்கள். அடுத்தது "ரெண்டு", அப்புறம் "மூணு". லாபம் என்று பேர் வைத்தாலும் அது கணக்கில் உண்டு. மங்கலமாக ஆரம்பிக்கிறோமே தவிர, அந்த மரக்கால் நெல்லை யாரும் விட்டுவிடுவதில்லை. காவேரிக் கரையில் வளர்ந்த பெண் அமராவதி. மங்கலமாகப் பாடிய முதல் பாட்டையும் ஒன்று என்று எண்ணினாள். எங்கள் ஊர்க் கணக்குப்படி அவள் எண்ணியது சரி! புலவர்களுடைய கணக்கு வேறு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? திரைக்குப் பின்னால் அவளை உட்கார வைத்தார்களே ஒழிய, விதியைச் சொல்லிக் கொடுத்தார்களா?

என்னுடைய கற்பனைதான் இது. புலவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். பரீட்சை வைத்தவர் ராஜா. மார்க் போடுகிறவரும் ராஜா. தோற்றால் தண்டனை தருகிறவரும் அவரேதான். பெண்ணைப் பெற்ற தகப்பன் என்ற முறையில் பிராது கொடுப்பவரும் அவர். இப்படி ஒரே ஆள் நாலு ஆசனத்திலும் உட்கார்ந்திருந்தால், நூறு பாட்டுப் பாடியிருந்தால் மட்டும் பெண்ணைக் கொடுத்திருப்பாரா? முப்பத்திரண்டாவது பாட்டில் ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது என்று யாராவது எழுந்து சொல்லியிருப்பார்கள்.

இதே கதையை முதலில் பெரிய படமாக எடுத்தது 1937-இல். எம்.கே. தியாகராஜ பாகவதர் அம்பிகாபதி. டைரக்ட் செய்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாதவர்! வசனம் எழுதிய இளங்கோவனிடம் ஷேக்ஸ்பியரின் ரோமியோ - ஜூலியட்டைக் காட்டி, அந்த மாதிரி காதல் காட்சிகள் எழுதச் சொன்னாராம். படம் பிரமாதமாக ஓடியது. அன்றிலிருந்து அம்பிகாபதியை "நம்ம ஊர் ரோமியோ" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ரோமியோ கதையில் இரண்டு வீட்டுக்கும் தீராத பகை. ஆனால் இரண்டும் சமமான வீடு. அந்த ஊரை ஆளும் பிரபு இரண்டு பேருக்கும் வெளியே நிற்கிறவர். ரோமியோ ஒருவனைக் கொன்றுவிட்டபோதுகூட அவர் தலையை வாங்கவில்லை, ஊரை விட்டுத்தான் விரட்டினார். இங்கே பகையே கிடையாது. கம்பர் ராஜாவின் சபையில் மரியாதையோடு உட்கார்ந்திருப்பவர். மரியாதை எல்லாம் சபை வரைக்கும்தான், சம்பந்தம் என்று வந்தால் கிடையாது. இந்த வித்தியாசம் நமக்கெல்லாம் தெரிந்ததுதானே?

ராஜா ஏன் அப்படி இருந்தார் என்றும் பார்க்க வேண்டும். அவர் மனசில் ஈரமே இல்லாதவர் என்று சொல்லிவிட்டால் கதை ரொம்பச் சுலபமாகிவிடும். ராஜா வீட்டுப் பெண் கல்யாணம் என்பது அந்தக் காலத்தில் ராஜ்ஜிய விஷயம். பெரிய கோயில் கட்டிய ராஜராஜ சோழன், தன் பெண் குந்தவையை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கொடுத்தான். (இவள் அவனுடைய அக்கா குந்தவை இல்லை, அத்தை பேரை வைத்துக்கொண்ட பெண்.) அந்தக் குந்தவையின் பிள்ளைக்கு, ராஜேந்திர சோழன் தன் பெண் அம்மங்கையைக் கட்டிக் கொடுத்தான். அம்மங்கை வயிற்றில் பிறந்த பிள்ளைதான் 1070-இல் சோழ சிம்மாசனத்தில் ஏறிய முதல் குலோத்துங்கன். பெண் வழிப் பேரன் வந்து ராஜ்ஜியத்தையே எடுத்துக்கொண்டான் என்றால், ஒரு பெண்ணை எந்த வீட்டுக்குக் கொடுக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்! இன்னொரு சோழன் வீரராஜேந்திரன், தன் பெண்ணைச் சாளுக்கிய விக்கிரமாதித்தனுக்குக் கொடுத்து உறவாகிக்கொண்டான். இரண்டு வம்சமும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டவர்கள். பட்டாளம் செய்ய முடியாததைத் தாலி செய்தது. அந்தப் பெண்களிடம் யாராவது, "உனக்குப் பிடித்திருக்கிறதா அம்மா?" என்று கேட்டிருப்பார்களா? கல்வெட்டில் பேர் இருக்கிறது. பதில் எங்கேயும் இல்லை.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண், எனக்குப் பாட்டுப் பாடுகிறவன் போதும் என்று சொன்னால், ராஜாவின் காதில் அது, உன் ராஜ்ஜியத்தில் ஒரு கோட்டையை எடுத்து ஒருவனுக்குச் சும்மா கொடுத்துவிட்டேன் என்று சொன்ன மாதிரிதான் விழுந்திருக்கும். நியாயம் என்று சொல்லவில்லை. காரணம் சொல்கிறேன்.

இந்தக் கதையில் நான் அதிகம் இரக்கப்படுவது கம்பருக்காகத்தான். கிழங்குக்காரியைக் கூட்டி வந்து ஒருமுறை காப்பாற்றிய தகப்பன், இரண்டாம் முறை சபையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சரஸ்வதியும் வரவில்லை. அதன் பிறகு சோழ நாடே வேண்டாம் என்று கிளம்பிவிட்டார் என்பது கதை. சிவகங்கைப் பக்கம் நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதி இருக்கிறது. அந்த மண்ணைக் குழந்தை நாக்கில் தடவினால் படிப்பு வரும் என்று இன்றைக்கும் எடுத்துப் போகிறார்கள். பிள்ளையை இழந்த மனுஷரிடம் நம் பிள்ளைக்காகப் போய் நிற்கிறோம்.

வடக்கே இதே மாதிரி இன்னொரு கதை உண்டு. காஷ்மீரத்துக் கவி பில்ஹணன். ராஜா பெண்ணுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போய்க் காதலித்து, தலை வெட்டும் தண்டனை வாங்கினவன். மேலே சொன்னேனே, சோழன் பெண்ணைக் கட்டிய விக்கிரமாதித்தன், அவனுடைய சபைக் கவிதான் நிஜமான பில்ஹணர். அந்தக் கல்யாணத்தையும் அவர் தம் காவியத்தில் எழுதியிருக்கிறார். காதல் கதையில் அவனை ராஜா மன்னித்துவிடுவதாகவும் சொல்வதுண்டு. தமிழில் டி.கே.எஸ். சகோதரர்கள் அதை நாடகமாகப் போட்டார்கள். 1948-இல் படமாகவும் வந்தது. பாரதிதாசன் 1937-இல் எழுதிய "புரட்சிக்கவி"யும் அந்தக் கதைதான். குருவுக்குக் கண் தெரியாது என்று பெண்ணிடமும், பெண்ணுக்குக் குஷ்டம் என்று குருவிடமும் பொய் சொல்லி நடுவில் ஒரு திரையைக் கட்டுகிறார்கள். அவன் நிலாவைப் பற்றிப் பாட, கண் தெரியாதவன் நிலாவை எப்படிப் பாடுவான் என்று அவள் திரையை விலக்கிவிடுகிறாள். அமராவதியும் திரையை விலக்கினாள், அமுதவல்லியும் விலக்கினாள். ஆனால் முடிவு வேறு. கொலைக்களத்தில் உதாரன் கூடியிருந்த ஜனங்களிடம் பேசுகிறான். ஜனங்கள் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு பேரும் பிழைக்கிறார்கள். அம்பிகாபதி கதையிலும் ஜனங்கள் கூடித்தான் இருந்தார்கள். அழுதார்கள். அழுததோடு சரி.

ஒரே வருஷம், 1937. ஒருவர் சாகடித்தார், ஒருவர் காப்பாற்றினார். எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இப்போது இன்னொரு வேடிக்கை நடந்தது தெரியுமா? 2013-இல் தனுஷ் நடித்த "ராஞ்சனா" என்ற இந்திப் படத்தைத் தமிழில் "அம்பிகாபதி" என்ற பெயரில் போட்டார்கள். காசியில் ஒரு புரோகிதர் வீட்டுப் பையன், வேறு மதத்துப் பெண், நடுவில் அரசியல். கடைசியில் கூட்ட மேடையில் அடிபட்டுச் சாகிறான். 2025 ஆகஸ்டில் அந்தத் தமிழ்ப் படத்தைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவை மாற்றி, அவன் பிழைத்துக்கொள்வதாக ஆக்கி மறுபடி வெளியிட்டார்கள். டைரக்டரும் தனுஷும் எங்களைக் கேட்காமல் செய்தது தவறு என்று எதிர்த்தார்கள். என் பெரிய பெண் போனில் இதைப் படித்துக் காட்டியபோது, "கண்ணைத் திறந்துட்டா நல்லதுதானேம்மா?" என்றாள். அவன் கண்ணைத் திறந்துவிட்டான். அவனைச் சாகடித்தவர்கள் எல்லாம் அப்படியே இருக்கிறார்களே, அவர்களை எந்த மெஷின் மாற்றும் என்று கேட்டேன். அவள் பேசவில்லை.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

என் நாத்தனார் பெண். திருச்சியில் வேலை. கூட வேலை பார்த்த பையனைப் பிடித்திருக்கிறது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டில் சொன்னாள். மறைக்கவில்லை, ஓடிப்போகவில்லை, நேராக வந்து சொன்னாள். பையன் வேறு ஜாதி. அவள் அப்பா, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், அடிக்கிறவர் இல்லை, கத்துகிறவரும் இல்லை. ஊரில் நாலு பேர் கேட்டு நடக்கும் மனுஷர். கோயில் காரியம், வாய்க்கால் தகராறு எல்லாம் அவரில்லாமல் முடியாது. அவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு வருஷம் இரண்டு பேரும் பேசக்கூடாது, போன் கூடாது. இருந்தார்கள். அப்புறம், பையனுக்கு சர்க்கார் உத்தியோகம் வேண்டும் என்றார். பையன் வேலைக்குப் போய்க்கொண்டே ராத்திரி படித்து, குரூப் நாலு பரீட்சை எழுதிப் பாஸ் செய்து வேலையிலும் சேர்ந்துவிட்டான். அப்புறம் ஜாதகம். அதுவும் பொருந்திவிட்டது! அண்ணனுக்கே தூக்கி வாரிப்போட்டிருக்கும்.

போன மாதம் சொல்லிவிட்டாராம்: "பஞ்சாயத்துத் தேர்தல் வரட்டும், முடியட்டும். இப்ப இதைச் செஞ்சா நம்ம ஆளுங்க எனக்கு ஓட்டுப் போடுவாங்களா?"

நாத்தனார் போனில் அழுதாள். "அண்ணி, அவர் மாட்டேன்னு சொல்லவே இல்லையே. அதான் என்ன பேசுறதுன்னு தெரியலை" என்றாள். அந்தப் பெண் வாங்கிப் பேசினாள். "அத்தை, நானும் ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். இதுதான் கடைசின்னு ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன்" என்றாள். எனக்கு அமராவதி பூ எடுத்து வைக்கும் காட்சி கண்ணில் வந்து நின்றது.

அவளுக்கு இருபத்தைந்து வயது. வயது வந்த இரண்டு பேர் மனமொத்துக் கல்யாணம் செய்துகொள்ள, வீட்டார் சம்மதமோ ஜாதிக் கூட்டத்தின் சம்மதமோ அவசியமில்லை என்று சுப்ரீம் கோர்ட்டே 2018 மார்ச்சில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனால் யாரும் தடுக்க முடியாது. அவளுக்கும் தெரியும். "அப்பா வந்து நிக்கணும் அத்தை" என்கிறாள். இந்த ஒரு வார்த்தைதான் அண்ணன் கையில் இருக்கும் அதிகாரம் எல்லாம். அது அவருக்குத் தெரிந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் சகோதரிகள் இதை யோசியுங்கள். சம்மதம் இல்லை என்றால் இல்லை என்று காரணத்தோடு முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். சண்டை வரும், பேச்சு நிற்கும், ஆனாலும் அது நேர்மையான சண்டை. பரீட்சை வைத்தால், ஜெயித்து வந்தபிறகு கொடுக்க நமக்கு மனசு இருக்கிறதா என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டாமா? பல வீடுகளில் நூறு பாட்டுச் சொல்வது, நடுவில் எங்கேயாவது தவறட்டும் என்றுதான். பையன் தவறினால் நம் கையில் ரத்தம் இல்லை பாருங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரரும் நானும் திருவையாறு பஸ்ஸில் போய் வருவதாக இருக்கிறோம். அவர் தாய்மாமன், பேசினால் எடுபடும். ஆனால் அவர் மச்சானிடம் நெல் விலையைப் பற்றியே சாயங்காலம் வரை பேசிவிட்டு வந்துவிடுவார். ஆகையால் நானே கேட்பதாக முடிவு செய்திருக்கிறேன். நீளமாக ஒன்றும் இல்லை. "அண்ணே, மொத்தம் எத்தனைன்னு இன்னிக்குச் சொல்லிடுங்க. காப்புச் செய்யுள் சேர்த்தியா, இல்லையா, அதையும் சொல்லிடுங்க" என்று கேட்கப் போகிறேன். அவர் படம் பார்க்கிற மனுஷர். புரியும்.

பதில் என்னவென்று எழுதலாமா என்பதை அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு சொல்கிறேன்.